அழைத்தால் பறக்கும் சரக்கு விமானிகள்: சம்பளம், ரெஸ்ட், வேலை நிலைமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் அட்டவணை எதுவும் இல்லாமல், வாடிக்கையாளர் கூப்பிட்டவுடன் சரக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பும் சிறு நிறுவனங்கள் பல உண்டு. அங்கே விமானி வேலைக்குப் போகலாமா என்று யோசிப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. விதிகள் என்று வருபவை எல்லாம் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவுடையவை. பணம் எல்லாம் டாலரில்.

இந்த வேலை சரியாக என்ன? பெரிய கூரியர் நிறுவனங்களில் பறப்பதுபோலத்தானே?

இல்லை. கூரியர் நிறுவனத்தின் விமானிக்கு அடுத்த மாதம் எந்த இரவு எந்த ஊர் என்று முன்பே தெரியும். இங்கே அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதே தெரியாது.

இந்தத் தொழிலைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் கார் தொழிற்சாலைகள். உதிரி பாகங்களைக் குவித்து வைக்காமல், தேவைப்படும் நேரத்துக்கு வரவழைத்துக்கொள்வது அவர்களின் முறை. ஒரு லாரி தாமதமானாலோ, வந்த பாகங்களில் கோளாறு இருந்தாலோ, அசெம்பிளி லைன் நின்றுவிடும். அது நிற்பதால் வரும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் தனி விமானத்தின் வாடகை சில்லறைக் காசு. அதனால்தான் டெக்சஸின் எல்லை ஊர்களான லாரெடோ, எல் பாசோவிலிருந்து மிச்சிகனின் வில்லோ ரன் வரை நள்ளிரவில் சின்ன ஜெட்டுகள் ஓடுகின்றன. இரண்டாம் உலகப்போரில் ஃபோர்டு நிறுவனம் பி-24 குண்டுவீச்சு விமானங்களைச் செய்த இடம் வில்லோ ரன். இன்று அது இந்தச் சரக்குத் தொழிலின் தாய்வீடு மாதிரி.

விமானங்களைப் பொறுத்தவரை, அகலக் கதவு வைத்த ஃபால்கன் 20, லியர்ஜெட் 35, மெட்ரோலைனர், செஸ்னா கேரவன், அதற்கும் கீழே இரட்டை பிஸ்டன் எஞ்சின் விமானங்கள். பல விமானங்களுக்கு அதை ஓட்டும் விமானியைவிட வயது அதிகம். ஏற்றும் எடை 7,500 பவுண்டுக்குள், அதாவது சுமார் 3,400 கிலோவுக்குள் இருந்தால், எஃப்ஏஏ விதித் தொகுப்பில் இதுபோன்ற சிறு நிறுவனங்களுக்கான பகுதியான பார்ட் 135 பொருந்தும். அதற்கு மேல் போனால் பெரிய விமானங்களுக்கான பார்ட் 121. கீழே சொல்வதெல்லாம் பார்ட் 135 பற்றித்தான்.

சேர எத்தனை மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும்?

கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் ஐஎஃப்ஆர் முறையில் கேப்டனாக உட்கார மொத்தம் 1,200 மணி நேரம். அதில் ஊர்விட்டு ஊர் பறந்தது 500, இரவில் 100, கருவிப் பறப்பு 75. அந்த 75-இல் 50 மணி நேரமாவது நிஜமாக வானில் பறந்ததாக இருக்க வேண்டும். பகலில் கண்ணால் பார்த்துப் பறக்கும் விஎஃப்ஆர் வேலைக்கு 500 மணி நேரம் போதும். ஆனால் அப்படிப்பட்ட சரக்கு வேலை குறைவு.

பயணிகள் விமான நிறுவனங்கள் கேட்கும் ஏடிபி உரிமத்துக்குப் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்பதால், 1,200-இல் இருப்பவர்களுக்கு இது ஒரு பாலம். கோ-பைலட் இருக்கைக்கு இன்னும் குறைந்த மணி நேரத்திலேயே எடுப்பார்கள். அந்த இருக்கைக்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சம்பளம் தர வேண்டியவன் கையேந்தும் இடத்தில் பராமரிப்பு எப்படி இருக்கும் என்று யூகிக்கலாம்.

சரி, சம்பளம் எவ்வளவு?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே கணக்குப்படி, விமான நிறுவனங்களில் பறக்கும் விமானிகளின் ஆண்டு வருமானத்தில் நடுமதிப்பு 2,19,140 டாலர். மற்ற வணிக விமானிகளுக்கு 1,13,080 டாலர். அழைத்தால் பறக்கும் சரக்கு விமானி இந்த இரண்டாவது கூட்டத்தில் வருவார். ஆனால் அந்தக் கூட்டத்தில் பணக்காரர்களின் சொகுசு ஜெட்டை ஓட்டுபவரும் இருக்கிறார், வயலுக்கு மருந்து தெளிப்பவரும் இருக்கிறார். எனவே 1,13,080 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போனால் ஏமாற்றம்தான். பிஸ்டன் விமானத்தில் புதிதாகச் சேருபவருக்குக் கிடைப்பது அதைவிட நன்றாகவே கீழே. ஜெட் கேப்டன் அதை எட்டலாம், தாண்டவும் செய்யலாம்.

2022-இல் பிராந்திய விமான நிறுவனங்கள் சம்பளத்தைத் தடாலடியாக ஏற்றியபோது சரக்கு நிறுவனங்களும் ஏற்ற வேண்டியதாயிற்று. இல்லையென்றால் ஓட்ட ஆள் கிடைக்காது. இந்தப் பிரிவில் சம்பளம் ஏறுவதும் தேங்குவதும் பெரிய நிறுவனங்கள் எவ்வளவு ஆள் எடுக்கின்றன என்பதைப் பொறுத்தே இருந்திருக்கிறது.

சம்பளத்தை எப்படிக் கணக்கிடுவார்கள்?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மாதச் சம்பளம் மட்டும் தருபவர்கள் உண்டு. குறைந்த அடிப்படைச் சம்பளத்தோடு பறந்த மணிக்கோ மைலுக்கோ தனியாகத் தருபவர்கள் உண்டு. அந்தப் பயணத்தில் நிறுவனத்துக்கு வந்த வாடகையில் ஒரு சதவீதம் என்றும் சில இடங்களில் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, மூன்றாவது வகையில் கவனம் தேவை. கார் விற்பனை மந்தமானால் போன் அடிக்காது. கோடையில் தொழிற்சாலைகள் மாடல் மாற்றத்துக்காக மூடும் வாரங்களில் ஒன்றுமே இருக்காது. பறந்தால்தான் பணம் என்றால் அந்த மாதம் வாடகைக்கே திண்டாட வேண்டும். அதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. வானிலை மோசமாக இருக்கும் இரவில் 'போக மாட்டேன்' என்று சொல்வது உங்கள் பையிலிருந்தே காசை எடுப்பதுபோல ஆகிவிடும். குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டு வேலைகளை எப்படி ஒப்பிடுவது?

பெரும்பாலோர் பறக்கும் மணி நேரத்தால் வகுக்கிறார்கள். அது தவறு. இந்த வேலையில் நிறுவனம் வாங்குவது உங்கள் காத்திருப்பை. பறப்பது அதில் ஒரு சின்னப் பகுதி. ஆகவே, போனுக்குக் கட்டுப்பட்டிருக்கும் மணி நேரத்தால் வகுக்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஆண்டுக்கு 60,000 டாலர், மாதம் 20 நாள், நாளுக்கு 14 மணி நேரம் ஆன்-கால். மாதம் 5,000 டாலரை 280 மணியால் வகுத்தால் மணிக்கு 17.86 டாலர். இன்னொரு இடத்தில் 52,000 டாலர்தான், ஆனால் 15 நாள். அது மணிக்கு 20.6 டாலர் ஆகிறது. மீதி 15 நாளும் உங்களுடையது. 20 நாள் என்று சொல்லிவிட்டு 24 மணி நேரமும் போனை எடுக்கச் சொல்லும் இடமாக இருந்தால் கணக்கு மணிக்கு 10.42 டாலருக்கு இறங்கிவிடும். அந்தப் பணத்துக்கு விமானம் ஓட்டத் தேவையில்லை.

ஓவர்டைம் உண்டா?

சட்டப்படி கட்டாயம் இல்லை. ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வரும் விமான நிறுவன ஊழியர்களுக்கு, கூட்டாட்சி நியாய ஊதியச் சட்டத்தின் ஓவர்டைம் பகுதி பொருந்தாது. விடுமுறை நாளில் கூப்பிட்டால் கூடுதல் பணம் தரும் நிறுவனங்கள் உண்டு. அது அவர்களின் சொந்தக் கொள்கை.

பேட்டா, ஹோட்டல் எல்லாம்?

ஹோட்டல் நிறுவனச் செலவு. பேட்டா, பேஸை, அதாவது நீங்கள் வழக்கமாகக் கிளம்பும் விமான நிலையத்தை விட்டுப் புறப்பட்ட நேரத்திலிருந்து மணிக்கு ஓரிரு டாலர் என்ற கணக்கில் வருவது வழக்கம். இரவு வெளியூரில் தங்க நேர்ந்தால் அதற்கு வரி இல்லை. விடியற்காலை கிளம்பி அன்றே வீடு திரும்பினால் அதே பேட்டா வரிக்கு உட்பட்டது. இந்த வேலையில் அப்படித் திரும்பும் நாட்கள் நிறைய என்பதால், சம்பளச் சீட்டை ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். சீருடை, ஹெட்செட் போன்றவற்றுக்குச் சொந்தக் காசு செலவழித்து வரியில் கழிக்கும் வசதி 2018 முதல் ஊழியர்களுக்கு இல்லை.

ஒரு நாளில் எவ்வளவு நேரம் பறக்க வைக்கலாம்?

24 மணி நேரத்துக்குள் ஒரு விமானி மட்டும் என்றால் 8 மணி நேரம், இரண்டு பேர் என்றால் 10. காலாண்டுக்கு 500, தொடர்ந்த இரு காலாண்டுக்கு 800, ஆண்டுக்கு 1,400. இந்தப் பெரிய எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அழைப்புக்குக் காத்திருக்கும் தொழிலில் அவற்றை நெருங்குவதே அரிது.

உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு விதிகள். பயணம் முடியத் திட்டமிட்ட நேரத்திலிருந்து பின்னோக்கிப் பார்த்தால், அந்த 24 மணி நேரத்துக்குள் தொடர்ச்சியாக 10 மணி நேரம் ரெஸ்ட் இருந்திருக்க வேண்டும். மிச்சம் 14 மணி நேரம். '14 மணி நேர டியூட்டி' என்று எல்லோரும் பேசுவது இதைத்தான். இன்னொன்று, காலாண்டில் குறைந்தது 13 முறை 24 மணி நேர முழு ஓய்வு. அதாவது ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு நாள். சட்டம் கொடுப்பது அவ்வளவுதான். அதற்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு நாளும் நீங்கள் பேசி வாங்குவது.

வானிலை போன்ற கைமீறிய காரணத்தால் பறப்பு நேர வரம்பு தாண்டிவிட்டால் அடுத்த ரெஸ்ட் கூடும். அரை மணி வரை தாண்டினால் 11 மணி நேரம், ஒரு மணி வரை 12, அதற்கும் மேல் போனால் 16.

வீட்டில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினால் அது ரெஸ்ட்தானே?

இந்தத் தொழிலின் ஆயுட்காலச் சண்டை இதுதான்.

எஃப்ஏஏவின் நிலைப்பாடு தெளிவானது. ரெஸ்ட் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், வேலைக்கான எந்தப் பொறுப்பும் இல்லாமல் இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அது ரெஸ்ட் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். போன் அடித்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், அந்த நேரம் முழுக்கத் தூங்கியிருந்தாலும் அது ரெஸ்ட் ஆகாது.

நடப்பில் என்ன ஆகிறது? காலையிலிருந்து போனுக்காகக் காத்திருக்கிறீர்கள். ஒன்றும் வரவில்லை. இரவு பத்தரைக்கு, பயணங்களை ஒதுக்கும் டிஸ்பாட்ச் பிரிவிலிருந்து கூப்பிட்டு, "மத்தியானத்திலிருந்து சும்மாதானே இருந்தீங்க, பத்து மணி நேரம் ஆச்சு, லாரெடோ போயிட்டு வாங்க" என்கிறார்கள். நடந்து முடிந்த நேரத்தைத் திரும்பிப் பார்த்து ரெஸ்ட் என்று பெயர் சூட்டுவது விதிப்படி செல்லாது. காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் காலை ஆறு மணிக்கு எழுந்தவர். டெக்சஸ் போய்ச் சேரும்போது கண் விழித்து இருபது மணி நேரம் தாண்டியிருக்கும்.

ஒழுங்கான நிறுவனம் "இன்று இரவு 8 முதல் நாளைக் காலை 6 வரை நீங்கள் ரெஸ்ட்டில், அதன்பின் 14 மணி நேரம் உங்களைக் கூப்பிடலாம்" என்று முன்பே சொல்லிவிடும். பகலுக்கு ஒரு குழு, இரவுக்கு ஒரு குழு வைக்கும். சாமர்த்தியமான நிறுவனம், "எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, எடுத்தால் நல்லது" என்று சொல்லும். அதை நம்பலாமா என்பதற்கு ஒரே சோதனை: எடுக்காதவருக்கு அடுத்த நாள் என்ன நடந்தது என்று விசாரியுங்கள்.

அப்புறம், ஆன்-கால் என்றால் வீட்டில் சாய்ந்து கிடப்பது என்றும் நினைக்க வேண்டாம். அழைப்பு வந்து அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் விமானம் கிளம்ப வேண்டும் என்பது பல இடங்களில் வழக்கம். அப்படியானால் வீடு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், சினிமாவுக்குப் போக முடியாது, மளிகை வாங்கப் போனால்கூடச் சீருடை காரில் இருக்க வேண்டும். குடிப்பது பறப்பதற்கு 8 மணி நேரம் முன்பே நிற்க வேண்டும் என்பது விதி. எப்போது பறப்போம் என்றே தெரியாதவர் எதிலிருந்து எட்டைக் கழிப்பார்?

சரக்கை இறக்கியபின் காலி விமானத்தைத் திருப்பிக் கொண்டுவருவதும் டியூட்டிதானே?

இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. காசுக்குச் சரக்கு ஏற்றினால் பார்ட் 135. சரக்கு இறங்கிய பின் காலியாக வீடு திரும்புவது பார்ட் 91 என்ற பொது விதிக்குள் போய்விடும். அதில் டியூட்டி வரம்பே கிடையாது. அந்த நேரம் ரெஸ்ட்டாகவும் கணக்காகாது, எனவே அடுத்த சரக்குப் பயணத்துக்கு முன் 10 மணி நேரம் தந்தே ஆக வேண்டும். ஆனால் அந்த ஒரு திரும்பும் பயணத்தைத் தடுக்க விதி இல்லை.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1993 ஆகஸ்ட் 18-இல் கியூபாவின் குவாண்டனாமோ வளைகுடாவில் விழுந்த டிசி-8 சரக்கு விமானமே சாட்சி. அது பெரிய விமானம், பார்ட் 121 விதியில் பறந்தது. ஆனால் கதை ஒன்றுதான். இரவெல்லாம் பறந்து வந்த குழுவுக்கு எதிர்பாராமல் கூடுதல் பயணம் கொடுக்கப்பட்டது. விபத்தின்போது கேப்டன் கண் விழித்து ஏறக்குறைய 23 மணி நேரம் ஆகியிருந்தது. சரக்கை இறக்கிவிட்டு அதே குழு பார்ட் 91-இன் கீழ் காலி விமானத்தை அட்லாண்டாவுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது திட்டம். மூன்று பேரும் பலத்த காயத்தோடு உயிர் தப்பினார்கள். அந்த நேரத்தில் மந்தமாக, எதிலும் அக்கறையற்ற நிலையில் இருந்ததாகக் கேப்டனே பின்னால் விசாரணையில் சொன்னார். அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பெரிய விமான விபத்துக்குக் களைப்பே காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு சொன்னது அதுதான் முதல் முறை.

களைப்பு பற்றிப் புதிய விதிகள் வந்ததாகக் கேள்விப்பட்டேனே?

வந்தன, உங்களுக்கு வரவில்லை. 2009-இல் பஃபலோ அருகே நடந்த பிராந்திய விமான விபத்துக்குப் பிறகு எழுதப்பட்ட பார்ட் 117 விதி 2014 ஜனவரி 4-இல் அமலானது. அது பயணிகள் விமானிகளுக்கு மட்டும். சரக்கு நிறுவனங்கள் செலவைக் காட்டி விலக்கு வாங்கிவிட்டன. விதி வெளிவந்து, அமலுக்குக் காத்திருந்த காலத்திலேயே, 2013 ஆகஸ்டில் பர்மிங்ஹாமில் யுபிஎஸ் கூரியர் நிறுவனத்தின் ஏ300 சரக்கு விமானம் ஒன்று விழுந்து இரு விமானிகள் இறந்தார்கள். துணைக் காரணங்களில் களைப்பும் ஒன்று. விலக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

தனியாகப் பறக்க வேண்டியிருக்குமா?

சிறிய விமானங்களில் ஆம். ஐஎஃப்ஆரில் பயணி இருந்தால் கோ-பைலட் வேண்டும், அல்லது அனுமதி பெற்ற ஆட்டோபைலட் வேண்டும். பெட்டிகளுக்கு அந்த மரியாதை இல்லை. ஜனவரி இரவில், பனி படியும் மேகத்துக்குள், ஆட்டோபைலட் இல்லாத இரட்டை எஞ்சின் விமானத்தைக் கையாலேயே ஓட்டுவது முழுக்கச் சட்டப்படியானது. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளி இல்லை என்று பழைய ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். தங்களைத் தாங்களே 'ஃப்ரைட் டாக்', அதாவது சரக்கு நாய் என்று அழைத்துக்கொள்ளும் கூட்டம் அது. அந்தப் பெருமையில் உண்மை இருக்கிறது. ஆனால் அதைச் சொல்பவர்கள் எல்லோரும் அதிலிருந்து பிழைத்து வந்தவர்கள்.

லோடு ஏற்றுவது யார்?

பெரும்பாலும் நீங்கள்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் கதவு வரை கொண்டுவருவார். உள்ளே தள்ளுவது, பட்டை போட்டுக் கட்டுவது, எடைச் சமநிலை பார்ப்பது எல்லாம் விமானி வேலை. ரசீதில் 900 பவுண்டு என்று எழுதியிருக்கும் சரக்குப் பலகையை நாலு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியவில்லை என்றால் எடையை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். முதுகுக்கும் நல்லது.

பயிற்சிக்குப் பாண்டு கேட்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

ஜெட்டுக்கும் 12,500 பவுண்டுக்கு மேற்பட்ட விமானத்துக்கும் டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி வேண்டும். அதற்கு நிறுவனம் பெருந்தொகை செலவழிப்பதால் ஓராண்டோ ஈராண்டோ பாண்டு, அதாவது அதற்குள் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தருவேன் என்ற ஒப்பந்தம் கேட்பது சகஜம். மாதாமாதம் தொகை குறைந்துகொண்டே வருகிறதா, நிறுவனமே வேலையைவிட்டு எடுத்தால் பாண்டு ரத்தாகுமா, பேஸை மாற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். டைப் ரேட்டிங்கே தேவைப்படாத கேரவனுக்குப் பெரிய பாண்டு கேட்டால், அங்கே ஆட்கள் நிலைப்பதில்லை என்று அர்த்தம்.

பாண்டை உடைத்துவிட்டு ஓடுவதும் புத்திசாலித்தனம் இல்லை. பயிற்சி முடிவுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் கருவிப் பறப்புச் சோதனை, வேலையைவிட்டு விலகிய விவரம் எல்லாம் எஃப்ஏஏவின் விமானி பதிவுத் தளத்தில் ஏறுகின்றன. அடுத்து எடுக்கப்போகிறவர் அதைப் பார்க்காமல் எடுக்க முடியாது.

களைப்பு என்று சொல்லிப் பறக்க மறுத்தால் வேலை போகுமா?

விமானத்தின் இறுதி அதிகாரம் கேப்டனுக்கே என்கிறது விதி. ரெஸ்ட் நேரத்தில் வேலை கொடுப்பது நிறுவனத்துக்குத் தவறு, அதை ஏற்பது உங்களுக்கும் தவறு. இதை மறக்க வேண்டாம், அபராதமோ உரிமத் தடையோ உங்கள் தலையிலும் விழும். பாதுகாப்புப் புகார் சொன்னதற்காகத் தண்டித்தால், 2000-இல் வந்த ஏர்-21 சட்டத்தின்படி 90 நாளுக்குள் தொழிலாளர் துறையின் ஓஷா அமைப்பிடம் முறையிடலாம்.

சரி, காகிதத்தில் இவ்வளவும் இருக்கிறது. பத்து விமானிகள் இருக்கும், சங்கம் இல்லாத நிறுவனத்தில் முதலாளியே டிஸ்பாட்ச் மேசையில் உட்கார்ந்திருப்பார். அங்கே மறுப்பதற்குத் தைரியம் வேண்டும், பதிவும் வேண்டும். எப்போது ரெஸ்ட் தொடங்கியது, எப்போது போன் வந்தது என்று சொந்தமாகக் குறித்து வையுங்கள். நிறுவனத்தின் டியூட்டி ஏடு நிறுவனத்துக்கானது.

இந்த வேலை நாளைக்கும் இருக்குமா?

யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஒரு காலத்தில் வங்கிக் காசோலை மூட்டைகளை இரவோடிரவாக ஊர் ஊராகக் கொண்டுபோவது நூற்றுக்கணக்கான விமானிகளுக்குச் சோறு போட்டது. காசோலையின் படத்தையே செல்லுபடியாக்கிய சட்டம் 2004 அக்டோபரில் அமலானது. சில ஆண்டுகளில் அந்தத் தொழில் கரைந்துபோனது. கார் பாகத்தைப் படம் பிடித்து அனுப்ப முடியாது என்பது இப்போதைக்கு ஆறுதல்.

வயதைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி: பார்ட் 121 விமானிகள் 65-இல் இறங்கியாக வேண்டும், இந்தச் சிறு நிறுவனங்களில் அந்த வரம்பு இல்லை. 65-ஐத் தாண்டிய ஓய்வுபெற்ற கேப்டனும் 25 வயதுப் பையனும் ஒரே காக்பிட்டில் உட்காருவது இங்கே நடக்கும்.

நேர்காணலில் என்ன கேட்க வேண்டும்?

தலைமை விமானியிடம் உத்தரவாதத் தொகை, விடுப்பு நாள், பாண்டு பற்றிக் கேளுங்கள். பிறகு, "என் ரெஸ்ட் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று யார், எப்படி எனக்குச் சொல்வார்கள்?" என்று கேளுங்கள். பதில் ஒரு வாக்கியத்தில் வந்தால் நல்ல இடம். சிரித்துவிட்டு "இங்கே எல்லாம் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம்" என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அதோடு நிற்காமல், அறையைவிட்டு வந்ததும் ஹேங்கரில் விமானத்தருகே வேலையாக இருக்கும் ஏதாவது ஒரு கோ-பைலட்டைப் பிடித்து, போன வாரம் எத்தனை முறை போன் அடித்தது, அப்போது மணி என்ன, அதற்கு எத்தனை மணி நேரம் முன்பு எழுந்தீர்கள் என்று கேளுங்கள். அவர் பதில் சொல்வதற்கு முன் ஒரு முறை ஆபீஸ் கதவைத் திரும்பிப் பார்க்கிறாரா என்றும் கவனியுங்கள்.